ஆறாம் நாள்

தவமலர் பறித்த கிலோவை எழுதுகிற
நகைக்கடைக் கலண்டரில்தான் இதையும் எழுதுகிறேன்.
திங்கள்: பதினேழு. மிதுர்ஷன்: இல்லை.
செவ்வாய்: பத்தொன்பது. இல்லை.
புதன் மழை, அரைப்பேர். இல்லை.
வியாழன்: இருபத்தொன்று, நல்ல மலையாம்.
மிதுர்ஷன்: ஒரு காற்று மட்டும்.
அதையும் எழுதி வைத்தேன்.

வெள்ளவத்தைப் புடவைக் கடை மூடிய பிறகு
வீட்டில் நான்தான். அவள் மலைக்கு.
ஏழு மாதப் பிள்ளை,
முகம் சிவந்து, முஷ்டி மடக்கி,
பட்டிப்பொல ஏற்றத்தில் திணறும் கோச்சிபோல்
முக்குவான், முக்குவான்,
பிறகு என்னைப் பார்ப்பான்.
ஏதோ நான் கதவைப் பூட்டி
சாவியை ஒளித்து வைத்தமாதிரி.

லயத்தில் பத்துக் காம்பரா, பதினொரு வைத்தியம்.
வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வை
என்றாள் புஷ்பராணி.
பெருங்காயம் என்றது அடுத்த கதவு.
கண்ணூறு என்று யாரோ மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.
இருமியது நான்.

வெள்ளிக்கிழமை மல்காந்தி மிஸ்
கிளினிக் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
வயிற்றை அமுக்கினாள். அவன் சிரித்தான், துரோகி.
"உள்ளுக்கு ஒண்டும் வைக்க வேணாம்.
காம்பும் வேணாம், சவுக்காரமும் வேணாம்.
வயிறு கல்லு மாதிரி ஆனா, பச்சையா சத்தி எடுத்தா,
ரத்தம் வந்தா, ராவா இருந்தாலும்
நுவரெலியா ஆஸ்பத்திரி.
இப்ப என்ன குடுக்கிறது?"
சோறும் வாழைப்பழமும் என்றேன்.
"அதான் ரோட்டு அடைச்சிருக்கு."
மண் சரிந்த பாதையில் நடந்து வந்த சப்பாத்தில்
சேறு இன்னும் காயவில்லை அவளுக்கு.

கந்தப்பளை டவுனில் பேரிக்காய் வாங்கினேன், இரண்டு.
விலையைச் சொல்லமாட்டேன், தவமலருக்கும் சொல்லவில்லை.
சோற்றுப் பானை மூடிக்குள் அவித்து, மசித்து,
முதல் கரண்டி என் சட்டைக்கு.
இரண்டாவது பாய்க்கு.
மூன்றாவதை
வெகுநேரம் யோசித்து விழுங்கினான்.

அன்று ராத்திரி அவனை மடியில் கிடத்தி
எண்ணெய் தொட்டு வயிற்றில் கை வைத்தவள்
எடுத்துவிட்டாள்.
"என் விரல் சொரசொரங்குது. அவனுக்கு நோகும்.
நீ தேய்."
கொழுந்துச் சாயம் வெடிப்பில் ஊறிக் கறுத்த விரல்கள்.
துணி மடித்தே பழகிய என் கை மெத்தென்று இருந்தது.
லயத்து ஆம்பளைகள் முன்னால்
நான் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் கை.
தொப்புளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்,
காலைப் பிடித்து சைக்கிள் மிதிக்க வைத்தேன்.
எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவில்லை.
அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை.
பெரட்டுக்குப் போனவள் மலையேறி
ஒரு மணிநேரம் இருக்கும்.
என் சாரத்தில், சூடாக,
முதலில் கல்லுமாதிரி ஒன்று,
வீரிட்டு ஒரு அழுகை,
பிறகு அணை திறந்தது.

போனில் சிக்னல் இல்லை.
அவனைத் தூக்கிக்கொண்டு, கழுவக்கூட இல்லாமல்,
பீலிக்கு மேலே உள்ள பாறையில் ஏறிக் கத்தினேன்:
"தவம்! போயிட்டான்! போயிட்டான்!"

மலை நின்றது.
வரிசையில் ஒரு கை அசையவில்லை.
கூடையை உதறிவிட்டு
செடிக்குள் விழுந்து எழும்பி ஓடிவருகிறாள்,
வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை.
அப்போதுதான் என் வாயில் வந்த சொல்
எனக்கே கேட்டது.

"பீ! பீ போயிட்டான்டி! பீ!"

கங்காணி உட்பட முழு மலையும் சிரித்தது.
அவள் மட்டும் சிரிக்கவில்லை.
வந்தாள். என் தோளில் ஓங்கி ஒரு அடி.
பிள்ளையை வாங்கி
நாற்றத்தோடு நெஞ்சில் அழுத்தி
பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
கை நடுக்கம் நிற்கும்வரை
நான் பீலித் தண்ணீரில்
சாரத்தின் நுனியை நனைத்துக்கொண்டிருந்தேன்.

சனி: பன்னிரண்டு. கொட்டியது போக.
கீழே மிதுர்ஷனுக்கு எழுத
கட்டத்தில் இடம் போதவில்லை,
ஞாயிற்றுக்கிழமைக்குள்ளும் கொஞ்சம் போனது.