வட்டுக்கு வாயில்லை

பன்னிரண்டு தவணை.
ஏழு கட்டியாயிற்று.
மருந்துக்கடை இரவுப்பணி முடிந்து வரும் ஜுரேமா
செருப்பைக் கழற்றாமலே பொத்தானை அமுக்குவாள்.
விளையாட்டு உடனே வரும்.
அதற்குத்தானே காசு.

எதிர்வீட்டு வால்டெசிர் சிரிப்பான்.
அவன் கணினி விலா திறந்தே கிடக்கும்,
பெலெம் நகரத்துப் புழுக்கத்தில்
மேசைவிசிறி அதற்கு மட்டும் வீசும்.
யாரோ கிரிப்டோ தோண்டித் துப்பிய கார்டு,
மச்சான் கடனாய்த் தந்த ரேம்.
"எனக்கு விளையாட்டெல்லாம் தள்ளுபடியில் பத்து ரெயால்" என்பான்,
டிரைவரைத் தேடியபடி,
சனிக்கிழமை முழுதும்.

அவளுக்கோ ஒவ்வொன்றும்
ஒரு வாரக் கூலி.

பிறந்தநாளுக்கு அவன் ஒரு வட்டு கொடுத்தான்.
பழைய சாமான் கடையில் பேரம் பேசியது,
ஒரு கீறல் இல்லை.
அவள் தன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
விலை குறைவென்று எடுத்த மாடல்;
வட்டு நுழைய வாயில்லை.
அவன் கணினிக்கும்தான்.

இப்போது அது சன்னலில் நூல்கட்டித் தொங்குகிறது.
மாமரத்துக் கிளிகள் கிட்ட அண்டுவதில்லை.
நாலு மணி மழைக்கு முன்
சுவரில் ஒரு வெளிச்சப்பொட்டு ஓடும்,
ஜுரேமா
கட்டைவிரலால் அதைத் துரத்துவாள்.