கடைசியாய் நனையும் இடம்

வரோதயனின் பைக் நாவற்குழிப் பாலத்தில்
இறுகி நின்றது, விடிய நாலரைக்கு.
பின்னால் இரண்டு பெட்டி பாரைமீன்;
ஐஸ் உருகிக் காற்சட்டை நனைந்ததாம்.
லான்ட்மாஸ்ரரில் ஏற்றி என்னட்டைக் கொண்டுவந்தான்.
கேட்கமுன்னமே சொன்னான்:
"போன மாசந்தான் கிளச் தட்டும் ஒயிலும் மாத்தினது, அண்ணை.
நீங்கள்தானே மாத்தினது."

ஓம். நான்தான்.

கொக்குவில். இரவு எட்டு மணி.
ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு எஞ்சினைத் திறக்கிறேன்.
ஒயில் இருக்கிறது,
மேற்கோட்டுக்குச் சமனாய், பிளேன்ரீ நிறத்தில்.

இருந்தால் காணாது. ஏறவேண்டும்.
அடியில் தேங்கியதைப் பம்பு உறிஞ்சி
வலையில் வடித்து
கிராங்கின் எலும்புக்குள் துளைத்த வழியால் தள்ளும்.
சிதறியது பிஸ்டனின் அடிவயிற்றில் படும்.
கியர்ப் பற்கள் அதிலேயே தோயும்,
கிளச் தட்டுகளும் அதிலேயே.
வழுக்கவேண்டியதும் பிடிக்கவேண்டியதும் ஒரே ஒயிலில்!
ஆர்தான் யோசித்தானோ.
மிச்சம், ஈர்க்கு மட்டும் நுழையும் சந்தால்
மேலே ஹெட்டுக்கு ஏறும்.
காம் கடைசியாய் நனையும்.
வரத்துக் குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான்.

இரும்பும் இரும்பும் தொடாமல் ஓடுவதற்குப் பெயர்தான் ஓட்டம்.
நடுவில் இருப்பது வெங்காயச் சருகிலும் மெல்லிசு.
நிமிசத்துக்கு ஆறாயிரம் தரம் நசுங்கும்,
விட்டுக்கொடுக்காது.

காம் நீலம் பாரித்துக் கிடந்தது.
நகத்தால் இழுத்துப் பார்த்தேன், இடறியது.
ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஒயில் பாதைக்குள் கம்பி விட்டேன்.
ஏதோ தடுத்தது. சுண்டி எடுத்தேன்.

சாம்பல் நிறச் சிலிக்கன்.
குத்தரிசி மணியளவு.

இந்த ரோட்டில் மற்றவர்கள் பூசுவது கறுப்பு.
சாம்பல், நான் மட்டும்.
கொழும்பிலிருந்து எடுப்பித்து,
அதைப் பெருமையாய்ச் சொல்லியும் இருக்கிறேன்.
ஒழுகக்கூடாதென்று கவரைச் சுற்றி
இரண்டாம் தரமும் பூசினவன் நான்.
வலைக்கு அப்பால் பிதுங்கியது
அங்கேயே காய்ந்து, உடைந்து,
ஒரு மாசமாய் அவனோடு மீன் விற்கப் போயிருக்கிறது.

போன் அடித்தது.
"என்ன பிழையாம், அண்ணை?"

கலப்பட ஒயில். வெயில். பெட்டிப் பாரம்.
எதைச் சொன்னாலும் நம்புவான்.
மணி என் சுட்டுவிரலில் ஒட்டியிருந்தது.

"பிழை என்னிலை," என்றேன்.

கொஞ்சநேரம் ஒன்றும் கேட்கவில்லை,
அவன் வீட்டு ரீவியைத் தவிர.
பிறகு: "அப்ப நாளைக்கு உங்கடை பைக்கைத் தாங்கோ.
நாலு மணிக்கு வருவன்."

என் பைக்கின் பின்சீற்றில் சாக்கு விரிக்கிறேன்.
இரண்டாய் மடித்து.
ஐஸ்தண்ணி எப்படியும் ஒழுகும்.