மூன்றணா பாக்கி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு.
பழைய பூட்டுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே
பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார் சீனி முகம்மது.
நாற்பத்தொரு உறைகள்.
"கடுதாசி?" என்றேன்.
"கரையான் தின்னது போக மிச்சத்தைக் கூட்டித் தள்ளியாச்சு.
உங்க ஆளுக உறைக்குத்தானே காசு கொடுக்குறீங்க?"

உண்மைதான். நாங்கள் உறைக்காரர்கள்.
முத்திரையின் விட்டம் அளப்போம்,
தணிக்கை மை ஊதாவா சிவப்பா என்று சண்டை போடுவோம்.
உள்ளே யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பதில்லை.

எல்லாம் ஒரே பெயருக்கு.
ஆங்கிலத்தில், கம்பெனிக் குமாஸ்தா யாரோ எழுதித் தந்தது:
இருளாயி, எருளாய், இருளை,
ஒன்றில் ஈரலாய்.
மே/பா லெ. சித. மெ. வீடு, பள்ளத்தூர்.
இந்தப் பக்கம் விலாசம் என்றால்
தெருவும் எண்ணும் அல்ல,
வட்டிக்கடைப் பலகையில் ஏறிய முதலெழுத்துகள்.
இருளாயிக்கு விலாசம் கிடையாது.
நெல் குத்தப் போன வீட்டில்
இரவல் வாங்கியிருக்கிறாள்.

அதே வீட்டின் இன்னொரு கட்டும் கடையில் இருந்தது.
ரங்கூன் மொகல் தெருவிலிருந்து மகன் எழுதியவை.
நாற்பத்திரண்டு தை மாதத்தோடு சரி.
அதற்கப்புறம் அந்தத் திசையிலிருந்து
அந்த வீட்டுக்கு வந்த தபாலெல்லாம்
உரலடிக்குத்தான் போயிருக்கிறது.
கணக்கப்பிள்ளை உரக்கப் படித்திருப்பார்,
வளவு முழுக்கக் கேட்டிருக்கும்.
ஆச்சி தூணைப் பிடித்தபடி விசாரித்திருப்பாள்:
"ஒம் புருசன் எங்கடி இருக்கானாம்?
எங்க பய இருக்கற பக்கமா?"

யார் சொல்வது.
முத்திரையில் ஊர் கிடையாது.
வட்டம், தேதி, ஓர் எண்.
எண் என்றால் ஒரு கூடாரம்,
கூடாரம் எங்கே என்பது ராணுவ ரகசியம்.
வாய் தவறி அவன் எழுதியிருந்தாலும்
கத்தரி அதை முன்பே தின்றிருக்கும்.

என்னிடம் அட்டவணை இருக்கிறது.
எந்த எண் எந்த மாதம் எந்த ஆற்றங்கரையில் என்று
சண்டை முடிந்தபின் பொறுமைசாலிகள் தொகுத்தது.
இரவெல்லாம் உட்கார்ந்து விரலை ஓட்டினேன்.
ராஞ்சி. திமாப்பூர்.
மழைக்காலம், ஆறு வாரம் ஒன்றுமில்லை.
இம்பால். தம்மு. கலேவா. மெய்க்தீலா.
உறையின் முதுகில் 'சிப்பாய் வெள்ளைக்கண்ணு' என்று இருப்பவன்
நடந்த வழி முழுவதும்
எண்பது வருடம் கழித்து எனக்குத் தெரிகிறது.
அவளுக்குத் தெரியாது.
அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியும்.
எனக்கும் கரையானுக்கும் இடையில்
அந்த விஷயத்தில் கரையானுக்குத்தான் ஞானம் அதிகம்.

ஏழாம் உறையில் பதினொரு கரிக்கோடுகள்.
தபால் வராத நாள்களை எண்ணினாள் என்று
உருகத் தயாரானேன்.
தேதிகளைப் பார்த்தால் பதினேழு நாள் இடைவெளி.
பொருந்தவில்லை.
குத்திய மரக்கால் கணக்காகவே இருக்கட்டும்.

கடைசி உறையைச் சீனி முகம்மது ஒதுக்கி வைத்திருந்தார்.
"இது மிலிட்டரி தபாலே இல்ல சார். கிழிசல் வேற.
சும்மா எடுத்துக்கங்க."
தபால்தலை இல்லை.
நாலு வருடம் காசில்லாமல் போட்ட பழக்கம்;
சீருடையைக் கழற்றிய பிறகும்
அப்படியே பெட்டியில் போட்டிருக்கிறான்.
பேரிங்.
இரட்டிப்புக் கட்டணம், மூன்றணா பாக்கி,
நீலப் பென்சிலில் கிறுக்கல்.
முத்திரையில் முதல் தடவையாக
எண் இல்லை, ஊர்:
ஆவடி.

பேரிங் தபாலை வாங்காமல் திருப்பலாம், விதி உண்டு.
தபால்காரர் கேட்டும் இருப்பார்.
மூன்றணாவுக்கு எத்தனை மரக்கால் குத்த வேண்டும் என்று
எந்த அட்டவணையிலும் இல்லை.
மற்ற நாற்பதும் ஓரம் சிதையாமல்
கத்தியால் திறந்தவை, கணக்கப்பிள்ளை கை.
இது மட்டும்
யாரையும் கூப்பிடாமல்,
குறுக்கே,
ஊர்ப்பெயரோடு சேர்த்துக்
கிழிக்கப்பட்டிருக்கிறது.