பத்து 'ஆ'வின் கடல்

சாக்பீஸால் வகுப்பின் நடுவே ஒரு கோடு இழுத்து
இது கடல் என்றேன்.
முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை.
கே.ஆர்.பி. டேம் அளவு இருக்குமா டீச்சர்?
இருக்கும், குதிக்காதே.

ஆறு பெஞ்சு, ஆறு நாடு.
பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.
பவ்யஸ்ரீ நாட்டின் உறையில் இரண்டு கத்தரிக்கோல்.
மாதேஷின் நாட்டுக்கு
மஞ்சள் காகிதம் ஒரு கட்டு, வேறொன்றுமில்லை.
வெட்டிய வட்டம் பத்து ரூபாய்
வெட்டாத தாள் ஐம்பது பைசா.

திம்மராஜ் தூதர்.
வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம்,
இன்றைக்கென்று எங்கிருந்தோ ஒரு
'மேன்மை தங்கிய'.
பேரம் மூன்று மொழியிலும் படியவில்லை.

கதவோர நாடு நிலோஃபருடையது.
அதன் உறையைக் காலியாகவே ஒட்டியிருந்தேன்.
இரண்டு முறை உதறிப் பார்த்தாள்.
பிறகு புத்தகப் பையின் வாரைக் கழற்றி
பெஞ்சுக்கும் கதவுக்கும் குறுக்கே கட்டி
டோல்கேட் என்றாள்.
ஃபாஸ்டேக் இல்லாட்டி டபுள்.
அவள் அப்பா கிரானைட் லாரி ஓட்டுகிறவர்.
கிருஷ்ணகிரி டோலில் அவர் நின்ற இரவுகளையெல்லாம்
ஒரே பீரியடில் வசூலித்துக்கொண்டிருந்தாள்.

விற்கமாட்டேன் என்றான் மாதேஷ்.
துறைமுகம் மூடல்.
காகிதக் கட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

விதி நான்கை வாசித்தேன்:
விற்காத சரக்கு
ஐந்து நிமிடத்துக்கொருமுறை பாதி விலை.

காகிதம் அழுகுமா டீச்சர்?

விளையாட்டில் அழுகும்.

ஆனி மாதம்.
சந்தூர் ரோட்டுக் கூழ் ஃபேக்டரி வாசலில்
அவர்கள் தோட்டத்துப் பெங்களூரா
மூன்று நாள் டிராக்டரிலேயே நின்று
கிலோ நாலு ரூபாய்க்குப் போனது.
அவன் சொல்லவில்லை.
வருகைப் பதிவேட்டில் மூன்று சிவப்புச் சுழி.

விதியை யார் எழுதினது?

நான்தான்.

நீங்க எந்த நாடு?

எந்த நாடுமில்லை.
வங்கி நான், மழை நான்,
மணி பார்க்கிறவளும் நான்.
ஞாயிறு இரவு, துணி ஊறவைத்துவிட்டு,
பழைய பி.எட். நோட்டின் பின்னட்டையில்
எழுதி முடித்த ஏழு விதிகள்.
இதையெல்லாம் சொல்லாமல்
நேரமாகுது என்றேன்.

பவ்யஸ்ரீ டோல் கட்டிச் சுற்றிவந்தாள்.
வாடகைக்குத் தரேன், பத்து வட்டத்துக்கு ஏழு எனக்கு.
கத்தரியை நீட்டினாள்.
வாங்கிப் பார்த்தான், திருப்பி வைத்தான்.
ஒரு தாளை மடித்தான்
மடிப்பை எச்சில் தொட்டு நகத்தால் நீவினான்
கையாலேயே கிழிக்க ஆரம்பித்தான்.

என் மேஜைக்கு வந்த முதல் உருப்படி
வட்டமில்லை.
ஒரு பக்கம் கிளிமூக்கு நீண்டிருந்தது.
விதி ஆறு: ஓரம் பிசிறினால் தள்ளுபடி.
மூக்கின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துப் பார்த்தேன்.
எடுத்துப் பார்த்தேன்.
பின்னால் இன்னும் நாற்பது கிழிகிற சத்தம்.

மணியடித்தது.
அடுத்தது கணக்கு.
சார் வாசலில் நின்று
மார்பு உயரத்தில் கட்டியிருந்த வாரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
தரையில் அரைகுறையாக அழிந்த கடலைப் பார்த்தார்.
நிலோஃபர் அவிழ்க்கவில்லை.

எவ்வளவும்மா என்றார்.