மூன்றாம் துளை

ரிவாஷன் படையாச்சி கொண்டுவந்து இறக்கினான்
சிட்டி கோல்ஃபின் சிலிண்டர் ஹெட்டை,
குழந்தைப் போர்வையில் சுற்றி.
முதல் துளையைத் தானே குடைந்திருந்தான்.
பாதை அகலமானால் காற்று அதிகம் என்றான்,
மற்ற மூன்றையும் இப்படியே செய்துகொடு,
ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்.

முதலில் அளக்கிறேன் என்றேன்.
அளக்க என்ன இருக்கிறது,
ஓட்டைதானே என்றான்.

சாட்ஸ்வொர்த்தில் என் கொட்டகை
ஒரு கார் நிற்கும் அகலம். கார் இல்லை.
பழைய வாக்குவம் கிளீனர் மோட்டார்கள் எட்டு,
ஒரு மரப்பெட்டி,
யூ வடிவக் குழாயில் சாயம் கலந்த தண்ணீர்.
மோட்டார்கள் உறிஞ்ச ஹெட் மூச்சிழுக்கும்
பிஸ்டன் இல்லாமல், நெருப்பு இல்லாமல்,
போய்ச்சேர ஓர் ஊரும் இல்லாமல்.

கோணி ஊசி கனத்தில் ஒரு பித்தளைக் குழல்,
நுனி வளைந்தது.
காற்றுக்கு எதிரே முகம் காட்டித்
துளைக்குள் அதை நிறுத்திப் பூட்டினால்
தண்ணீர் ஒரு பக்கம் ஏறும்.
எத்தனை மில்லிமீட்டர் என்று பார்.
வர்க்கமூலம் எடு. நாலால் பெருக்கு.
நானூறுக்கு இருபது, இருபதுக்கு எண்பது:
நொடிக்கு எண்பது மீட்டர்.

நாலு என்பது கடலீரம் கனக்கும் நாளுக்கு.
பெர்க் காற்று மலையிலிருந்து இறங்கி
கொடியில் துணி அரைமணியில் காயும் நாளில்
நாலும் சொச்சமும்.

கூரையோரம் எண்பத்தெட்டு.
தரையில், வால்வை நோக்கித் திரும்பும் சின்ன வளைவில்
நாற்பதுதான்.
அங்கே காற்றால் வளைவைப் பற்ற முடியவில்லை,
பிரிந்து போய்
தன்னையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவன் குடைந்ததில் நடுவே எழுபது.
ரப்பர் ஊற்றி அச்செடுத்தேன். வெட்டி,
கட்டத்தாளில் வைத்து வரைந்து
சதுரங்களை எண்ணினேன் இரவு பதினொன்று வரை.
பரப்பு நூற்றுக்குப் பதினேழு கூடியிருந்தது,
காற்றோ இரண்டு.
அகலமான வாசலில்
ஆட்கள் நின்று பேசத்தான் செய்வார்கள்.

இரண்டாம் துளை எண்பது.
நான்காம் துளை எண்பது.
மூன்று, எழுபத்தாறு.

வால்வை மாற்றினேன்.
வாயைச் சுற்றிய பிளாஸ்டிசின் வளையத்தைப் பிய்த்து
மறுபடி பிடித்தேன்.
வார்ப்பில் மேடு ஏதும் உண்டா என்று
விரல் விட்டுத் தடவினேன்.
எழுபத்தாறு.

இரண்டு மணிநேர மின்வெட்டு.
மோட்டார்கள் அடங்க,
குழாயின் இரு கால்களிலும் தண்ணீர்
ஒரே மட்டத்துக்கு வந்து நின்றது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.
மின்சாரம் வந்ததும்
எழுபத்தாறு.

பக்கத்துப் பட்டறை சிபுசிசோ
பெயிண்ட் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி
பதிமூன்று ஸ்பேனர் கேட்டு வந்தான்.
எடுத்துவர இரண்டடி வைத்தேன்.
அது ஏறுது, என்றான்
என் முதுகுக்குப் பின்னால் கைகாட்டி.

நானூறு.

மூன்றாம் துளைக்கு நேரே கம்ப்ரசர்.
அளவைப் படிக்க
அதற்கும் பெட்டிக்கும் நடுவே ஒடுங்கித்தான் நிற்கவேண்டும்.
துளையின் வாய்க்கு அரைச்சாண் தள்ளி
என் வயிறு, என் மேலங்கி.
உள்ளே போக வந்த காற்று
என்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது
மூன்று நாளாக.

நின்றேன், இறங்கியது.
விலகினேன், ஏறியது.
சிபுசிசோவும் ஒருமுறை நின்று பார்த்தான்.
அவன் ஒல்லி. எழுபத்தெட்டு.

நோட்டில் எழுபத்தாறுகளை அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
துளையில் பிழையில்லை. நான்.

சனிக்கிழமை ரிவாஷன் வந்தபோது
முதல் துளையின் தரையை எபாக்ஸி பூசி உயர்த்தியிருந்தேன்.
மற்றவற்றில் வளைவை மட்டும்
நகக்கண் அளவு மழித்திருந்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.
ஓட்டையை அடைக்கவா காசு?
தந்தான், எண்ணாமல், மேசைமேல் எறிந்து.

எத்தனை குதிரை கூடும் என்றான்.
தெரியாது என்றேன்.
எண்பத்து மூன்று மீட்டர், நான்கிலும்.

ஞாயிறு என்ன ஆனதென்று
அவன் சொல்லவில்லை.
கம்ப்ரசரை நான் இன்னும் நகர்த்தவில்லை; கனம்.
மூன்றாம் துளை வரும்போது
வயிற்றை எக்கிக்கொண்டு
பக்கவாட்டில் நிற்கிறேன்.