மாதாந்திர மின்தடை

காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை
சோமனூர்ப் பக்கம் பராமரிப்புப் பணி.
அதனால்தான் போனேன், மறைப்பானேன்.
எட்டுத் தறியை நிறுத்திவிட்டு
எவன் போவான் ஆசுபத்திரிக்கு?

முதல் இரண்டு தடவை நாகமணிதான் கூட்டிப்போனாள்.
'அப்பாவும் தம்பியும் வரவேண்டும்' என்று
சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
"காய்ச்சல் அவளுக்கு, ஊசி எனக்கா?" என்றேன்.
அம்மிணி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்,
சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு.

பதினாலாம் நம்பர் அறை. நாலு நாற்காலி, ஒரு ஸ்டூல்.
ஸ்டூலில் டாக்டரம்மா உட்கார்ந்துகொண்டது.
நான் பேசினேன்:
ஃபீஸ், டியூசன், செல்போன், என்ன குறை வைத்தேன்.
"ஏனுங்க, எதுக்கு இத்தனை கோபம்?"
கோபமில்லைங்க.
இருபத்திரண்டு வருசம் தறிக்குள் நின்ற தொண்டை,
இதுதான் என் குரல்.
அம்மிணி திரும்பிப் பார்த்தாள்.
இத்தனை நாளும்
திட்டு என்றே நினைத்திருக்கிறாள்.

தறிக்காரனுக்குக் கண்தான் காது.
சத்தத்துக்குள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்போம்.
என்ன அம்மிணி?
ஒண்ணுமில்லீங்ப்பா.
குவியும், ஒட்டும், விரியும்.
ஆயிரம் தடவை பார்த்த உதடு.
அதன் சத்தத்தை
அந்த அறையில்தான் முதலில் கேட்டேன்.

அவள் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாதாம்.
'அறுந்த இழையைப் பிணைக்கிற மாதிரிங்களே' என்று
ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையமர்த்திவிட்டது.
அம்மிணி பேசினாள்.
என்ன பேசினாள் என்று சொல்லமாட்டேன்.
அது அவளுடையது.
நடுவில் கவினேஷ் மட்டும்
"எனக்குத் தெரியும்" என்றான்.
பத்து வயசு. சுவருக்கு அந்தப்பக்கம் படுக்கிறவன்.
எத்தனை ராத்திரி விழித்திருந்தானோ.

பஸ்ஸில் மூணு சீட்டில் நாலு பேர்.
"அடுத்த மாசம் என்னிக்குங்க கரண்ட் நிறுத்துவாங்க?"
நாகமணி கேட்டாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நேற்று ராத்திரி எட்டு மணி.
பாவு ஓடிக்கொண்டிருக்கும்போதே
மெயின் சுவிட்சை இறக்கினேன். எட்டும் நின்றது.
வாசலில் வந்து நின்றாள்:
"கரண்ட் போயிருச்சுங்களாப்பா?"
"இல்லை அம்மிணி!"
கத்திவிட்டேன் போல, பக்கத்துக் குடோன் நாய் குரைத்தது.
வீட்டுக்குள் லைட் எரிவதைத் திரும்பிப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
நூல் மூட்டைமேல் வந்து உட்கார்ந்தாள்.

எத்தனை மீட்டர் போச்சு, எவ்வளவு கூலி போச்சு,
கணக்கே போடவில்லை.
பொய். போட்டேன்.
போட்ட பிறகும்
சுவிட்சை ஏற்றவில்லை.