ஏழாவது ஸ்லைடு

எங்கள் குழுவில் ஐந்து பேர்.
கோபியில் நிரஞ்சனா, கருங்கல்பாளையத்தில் இர்பான்,
வெள்ளகோவிலில் லோகப்பிரியா,
தாராபுரத்துக்குத் தெற்கே, சிக்னல் கிடைக்கிற
ஒரே மேட்டின் மேல் பூவரசன்.
சோமனூரில் நான்.
கேமரா இல்லை, மைக் இல்லை,
கறுப்புச் சதுரத்துக்குள் என் பெயரின் முதல் எழுத்து.

"தமயந்தி, லைன்ல இருக்கியா?"

இருக்கிறேன்.
சுவருக்கு அந்தப்பக்கம் தறியும் இருக்கிறது.
மைக்கைத் திறந்தால் என் வாய்க்கு முந்தி
அதுதான் பேசும்.
சாட்டில் "ம்" என்று அடிக்கிறேன்.
எதற்கு அந்த "ம்" என்று யோசிக்க
லோகப்பிரியாவுக்கு நேரமில்லை.
"பேரை எடுத்துரலாமா?" என்று அவள் கேட்டதும்
"இருந்துட்டுப் போகுது விடு" என்று இர்பான் சொன்னதும்
தெளிவாகவே கேட்டது. கேட்பதில் எனக்குக் குறையில்லை.

கரண்ட்டு போனால்தான் எனக்குக் குரல் வரும்.
தறி நிற்கும், கூடவே மோடமும் நிற்கும்.
செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்குப் போனது.
செல்போன் நெட்டைப் போட்டு உள்ளே வருவதற்குள்
வேலையைப் பிரித்து முடித்திருந்தார்கள்.
எனக்கு மிச்சம் இருந்தது
"நன்றி" என்கிற கடைசி ஸ்லைடு.

தலைப்பு: ஒரு சிறுதொழிலின் செலவுக் கணக்கு.
நிரஞ்சனா எங்கிருந்தோ ஒரு நெசவு யூனிட்டைப்
பிடித்து வந்திருந்தாள். தரையெல்லாம் பளபளக்கும் யூனிட்.
பஞ்சு ஒன்றுகூடப் பறக்கவில்லை.
ஏழாவது ஸ்லைடில்
மீட்டருக்குக் கூலி முப்பத்தெட்டு ரூபாய் என்று கண்டதும்
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
யாருக்கும் கேட்கவில்லை.

ராத்திரி, பாவு பிணைக்க ஆள் வந்து
இரண்டு தறி நின்றிருந்த நேரம்
அப்பாவிடம் போனேன்.
"தார் சுத்துற அக்காவுக்கு வாரம் எவ்வளவுங்ப்பா?"
"எதுக்கு சாமி?"
"காலேஜுக்கு."
"இதெல்லாமா கேக்கறாங்க" என்று சிரித்தபடி
ஒவ்வொன்றாகச் சொன்னார்,
எண்ணெய், பெல்ட்டு, ஷெட் வாடகை,
போன மாதம் கழித்துக்கொண்ட சேதாரம்.
கரண்ட்டு பில்லை மட்டும் சொல்லவில்லை.
அட்டையை எடுத்து நீட்டினார்.

ஒன்றரை மணிக்கு அந்த முப்பத்தெட்டை அழித்தேன்.
கட்டம் கட்டமாக எங்கள் ஷெட்டை உள்ளே இறக்கினேன்.
கூட்டல் சூத்திரத்தை இழுத்துவிட்டதும்
அது கொஞ்சமும் யோசிக்கவில்லை.
அடிக்கட்டத்தில் ஒரு கழித்தல் குறி,
பின்னால் ஒரு தொகை.
பெரிய தொகைகூட இல்லை, ஒரு ஸ்கூட்டியின் மூன்று தவணை.
ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை
யாரும் வாய்விட்டுச் சொல்லாத தொகை.

சூத்திரத்தை அழித்துவிட்டுத் தொகையைக் கையால் அடித்தேன்,
குறி இல்லாமல்.

அப்போது பச்சை நிறக் கர்சர் ஒன்று
அதே கட்டத்தில் வந்து நின்று சிமிட்டியது.
இர்பான் தூங்கியிருக்கவில்லை.
"மைனஸ் போட்டிருந்தியே?"
"டைப்பிங் மிஸ்டேக்."
"கூட்டிப் பாத்தேன். மைனஸ்தான் வருது."
குறியை அவனே திரும்பப் போட்டான்.
கட்டத்துக்குச் சிவப்பும் அடித்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை.
லோகப்பிரியா ஏழாவது ஸ்லைடை வாசித்தாள்,
பாவை "பாவ்" என்றும் தாரை "டார்" என்றும்.
சார் குறுக்கிட்டார்:
"நஷ்டத்துல ஒருத்தன் ஏன் தொழில் பண்றான்?
இந்த டேட்டா எங்க எடுத்தீங்க?"
நாலு சதுரங்களும் மௌனம்.

நான் மைக்கைத் திறந்தேன்.
"சார், இது..."
டடக் டடக் டடக் டடக்
டடக் டடக் டடக்
"யாரும்மா அது, மியூட் பண்ணு!"
பண்ணினேன்.

இருபதுக்குப் பதினேழு.
மூன்று மார்க் குறைந்தது
ஆதாரம் குறிப்பிடாததற்கு.

சாயங்காலம் லோகப்பிரியா தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்:
"உங்க வீட்ல எத்தனை தறி?"
"ஆறு" என்று அடித்தேன்.
ஓடுவது நாலு என்பதை
அடித்து, அழித்தேன்.